பத்து சென்டில் ஒரு ஏக்கருக்கான குதிரை மசால் விதை

"மூன்று வருடமாகக் குதிரை மசால் அறுத்து மாட்டுக்குப் போடுகிறேன். ஊதாப் பூ நிறையப் பூக்கிறது. ஆனால் காய் பிடிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் விதையை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?"

நமது கேள்வி-பதில் பகுதிக்கு இதே பொருளில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. இரண்டு வரியில் பதில் எழுதினால் தீராத விஷயம் என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். சுருக்கமான பதில், வாங்க வேண்டியதில்லை. பத்து சென்ட் நிலத்தை விதைக்கென்று ஒதுக்கினால், ஒரு ஏக்கருக்குத் தேவையான விதையை நீங்களே எடுக்கலாம். ஆனால் தீவனத்துக்கு விட்ட வயலில், அறுவடைக்கு ஆள் கிடைக்காத மாதத்தில் தானாகப் பூத்துக் கிடப்பதிலிருந்து விதை எடுக்க முடியாது. விதைப் பயிர் வேறு, தீவனப் பயிர் வேறு.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் மூன்றும் தனித்தனிப் பயிர்கள். கடையில் "மசால் விதை" என்று மட்டும் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். குதிரை மசாலுக்கு வெந்தயம் போல மூன்று இலை, ஊதாப் பூ, நத்தைக்கூடு போலச் சுருண்ட காய். விதை சிறுநீரக வடிவில், பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். வேலி மசால் விதையை வெந்நீரில் நேர்த்தி செய்துதான் விதைக்க வேண்டும். அதைப் பார்த்துக் குதிரை மசாலையும் வெந்நீரில் போட்டுக் கெடுத்துக்கொண்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இதற்கு வெந்நீர் வேண்டாம்.

புதிய இரகம் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் பரவியிருப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1. இது பல்லாண்டு இரகம். ஒரு தடவை விதைத்து நன்றாகப் பராமரித்தால் மூன்று நான்கு ஆண்டுகள் அறுக்கலாம். விதைத்த 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 25 நாளுக்கு ஒரு தடவை என்று ஆண்டுக்கு 12 அல்லது 13 அறுப்பு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 28 முதல் 32 டன் பசுந்தீவனம். இதே பல்கலைக்கழகத்திலிருந்து இதற்குப் பின்னால் புதிய இரகங்களும் வந்துள்ளன. மகாராஷ்டிரத்தின் ராகுரியிலிருந்து ஆர்.எல். 88, குஜராத்தின் ஆனந்திலிருந்து ஆனந்த் 2 ஆகியவையும் நம் கடைகளுக்கு வருகின்றன. குஜராத்தில் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் ஓராண்டு வகையும் பெருமளவில் பயிராகிறது. அந்த விதை இங்கே வந்து, பல்லாண்டு என்று நம்பி விதைத்தவர் அடுத்த கோடையில் வெறும் தரையைப் பார்த்த கதையும் உண்டு. குளிர் நாட்டு இரகங்களில் வேறு சிக்கல். பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடும் குணம் பலவற்றுக்கு உண்டு. நமக்கு வேண்டியது உறங்காத இரகம்.

நெல்லிலோ நிலக்கடலையிலோ இரகம் என்றால் எல்லாச் செடியும் ஒன்று போல இருக்கும். குதிரை மசால் அப்படியில்லை. இது அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். விஞ்ஞானிகள் நல்ல குணமுள்ள பல தாய்ச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நட்டு, தேனீக்களை வைத்து ஒன்றோடொன்று கலக்க விடுகிறார்கள். அதில் கிடைக்கும் விதைக் கலவைதான் இரகம். எனவே ஒரே இரகத்து வயலிலும் பூ நிறம் வெளிர் ஊதா முதல் கரு ஊதா வரை மாறும், இலை சற்றுப் பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதைக் கலப்படம் என்று எண்ண வேண்டாம்.

இதிலிருந்து விதை எடுப்பவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. "நல்லா இருக்கிற பத்துச் செடியில் மட்டும் விதை எடுத்து வச்சேன் சார்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். கத்தரிக்கு அது சரி. குதிரை மசாலில் பத்துச் செடிக்குள்ளேயே கலந்தால், உறவுக்குள் மீண்டும் மீண்டும் கலந்த ஆட்டு மந்தை போல அடுத்த தலைமுறை வீரியம் குறைந்து நோஞ்சானாக வரும். ஆயிரக்கணக்கான செடிகள் இருக்கும் பாத்தி முழுவதிலிருந்தும் சேர்த்து விதை எடுக்க வேண்டும். நோயுற்றவை, குட்டையாக நிற்பவை, வேற்றுச் செடிகள் ஆகியவற்றை மட்டும் பூக்கும் முன் பிடுங்கிவிட்டால் போதும்.

பூ பூத்தும் காய் பிடிக்காத காரணம்

குதிரை மசால் பூவின் கீழிரண்டு இதழ்கள் படகு போல ஒட்டியிருக்கும். அந்தப் படகுக்குள் மகரந்தத் தண்டும் சூல்முடியும் நாண் இழுத்த வில் போல அடங்கியிருக்கும். தேனீ வந்து படகின் மேல் அமர்ந்து அழுத்தினால் பூட்டு விட்டு, தண்டு பட்டென்று மேலே தெறித்து மேல் இதழில் மோதும். அந்த வேகத்தில்தான் தேனீயின் மேலிருக்கும் வேற்றுச் செடி மகரந்தம் சூல்முடியில் படுகிறது. தெறித்த தண்டு மீண்டும் உள்ளே போகாது. தெறிக்காத பூ பெரும்பாலும் காய்க்காமலேயே உதிர்ந்துவிடும். நடுப்பகலில் ஒரு மெல்லிய ஈர்க்குச்சியால் பூவின் படகை இலேசாக அழுத்திப் பாருங்கள், கண்ணெதிரே துள்ளும்.

அடுக்குத் தேனீ வேலைக்காரிதான், ஆனால் புத்திசாலி. இரண்டு மூன்று தடவை தலையில் அடி வாங்கியதும், பூவின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துப் பூட்டைத் தொடாமல் தேனை மட்டும் எடுத்துப் போகக் கற்றுக்கொள்ளும். மகரந்தம் சேர்க்க வரும் தேனீதான் நமக்கு உதவும். எனவே ஏக்கருக்கு இரண்டு மூன்று பெட்டி வைப்பது நல்லது என்றாலும், அது மட்டும் போதாது. இந்தப் பயிருக்கு உண்மையான கூட்டாளி இலைவெட்டித் தேனீ. ரோஜா இலை ஓரத்தில் காசு வெட்டியது போல வட்டமாக வெட்டிய தடத்தைப் பார்த்துப் பூச்சி என்று மருந்து அடிக்கிறோமே, அந்தத் தடம் இதனுடையது. வெட்டிய இலைத் துண்டைத் துளைகளுக்குள் சுருட்டி வைத்து அதில் முட்டையிடும். தலையில் படும் அடியைப் பொருட்படுத்தாமல் பூவுக்குப் பூ உட்காரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரை மசால் விதைக்கென்றே இலைவெட்டித் தேனீயின் ஓர் இனத்தைப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள்.

நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், பென்சில் பருமன் துளையுள்ள மூங்கில் குழல்களை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்குமாறு கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் வயல் ஓரம் தொங்கவிடலாம். ரோஜா, துவரை இலைகளில் வட்ட வெட்டு தெரிந்தால் மருந்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

வயல் சரியாகக் காய் பிடிக்கிறதா என்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வயல் பூந்தோட்டம் போல ஊதா நிறத்தில் பளிச்சென்று நாள் கணக்கில் நின்றால், கண்ணுக்கு அழகு, விதைக்குக் கேடு. மகரந்தம் சேர்ந்த பூ சில மணி நேரத்தில் வாடத் தொடங்கிவிடும். நன்றாக வேலை நடக்கும் வயல் சற்று மங்கலாக, பழுப்படித்தது போலத்தான் தெரியும்.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில், ஒரு விவசாயி விதை எடுக்க வேண்டும் என்று கேட்டபோது, புரட்டாசி அறுப்போடு நிறுத்திப் பூக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாடப்புத்தகத்தில் எத்தனை நாளில் பூக்கும் என்று படித்திருந்தேன், எந்த மாதத்தில் பூக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. பூத்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தேனீ வரவில்லை, பூ கொட்டியது, பிடித்த கொஞ்சக் காயும் செடியிலேயே கருத்து முளைத்தது. இருபத்தைந்து சென்டில் அவருக்குக் கிடைத்தது இரண்டு கிலோகூட இல்லை. நான்கு அறுப்புத் தீவனமும் போயிற்று. அவர் வீட்டம்மா, "பூவுக்கு நிறுத்தச் சொன்னீங்களே, மாட்டுக்கு என்ன நிறுத்தறதுங்க?" என்று கேட்டார். அதன் பிறகு மாதத்தைக் கேட்காமல் நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

விதைப் பயிருக்கு வறண்ட காற்று, தெளிந்த வெயில், மழையில்லாத வானம் மூன்றும் பூக்கும் காலத்தில் இருக்க வேண்டும். கொங்குப் பகுதியிலும் அதையொட்டிய மாவட்டங்களிலும் தை கடைசி முதல் மாசி முடிய அந்தக் காலம் அமைகிறது. அதற்கேற்ப மார்கழி நடுவில் ஒரு அறுப்பு எடுத்துவிட்டு, அதன் பிறகு துளிர்ப்பதை அறுக்காமல் விட வேண்டும். பங்குனியில் காய் முற்றும். சித்திரையில் கோடை மழை வருவதற்குள் விதை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பாத்தி அமைப்பு

தண்ணீர் தேங்காத, ஆழமான மண் வேண்டும். களர் நிலமும் அமில மண்ணும் ஆகாது. ஆடி, ஆவணியில் விதைத்தால் மார்கழிக்குள் இரண்டு மூன்று அறுப்பு தீவனமாகவும் கிடைக்கும், வேரும் ஊன்றிக்கொள்ளும். தீவனத்துக்கு முக்கால் அடி முதல் ஒரு அடிக்குள் இடைவெளி விட்டு, வரிசையில் தொடர்ச்சியாகத் தூவி, ஏக்கருக்கு 8 கிலோ விதைக்கிறோம். விதைப் பாத்திக்கு வரிசை இடைவெளி 2 அடி வேண்டும். பத்து சென்டுக்கு 200 கிராம் போதும். ஒரு கிலோவில் சுமார் 5 லட்சம் விதைகள் இருப்பதால் இதுவே தாராளம். மணலோடு கலந்து, அரை அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் விதைத்து, முளைத்த பின் அரை அடிக்கு ஒரு செடி இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். இதற்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நெருக்கமாக நின்றால் அடியில் வெளிச்சம் படாது, தேனீ உள்ளே நுழையாது, மேல் பூ மட்டும்தான் காய்க்கும்.

உரத்தில் மணிச்சத்துதான் முக்கியம். பரிந்துரைப்படி ஏக்கருக்குத் தொழு உரம் 10 டன், யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 300 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ அடியுரமாக இட வேண்டும். பத்து சென்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு. மேலுரமாக யூரியா வேண்டாம். வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். ஆனால் தட்டைப்பயறுக்கும் உளுந்துக்கும் வாங்கும் ரைசோபியம் இதற்கு வேலை செய்யாது. குதிரை மசாலுக்கென்று தனி ரைசோபியம் உண்டு, கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், நோயில்லாமல் செழித்து நிற்கும் பழைய குதிரை மசால் வயலின் வேர்ப்பகுதி மண்ணை இரண்டு கூடை கொண்டுவந்து, மாலை நேரத்தில் தூவிக் கிளறிவிடலாம். வெந்தயத்தின் வேர் முடிச்சிலும் இதே இனம்தான் இருக்கிறது, வெந்தயம் விளைந்த மண்ணும் உதவும்.

மார்கழி அறுப்புக்குப் பின் ஒரு தண்ணீர், மொட்டு தெரியும்போது ஒரு தண்ணீர். பூத்த பிறகு செடி வாடாத அளவுக்கு இலேசாகக் கொடுங்கள். தண்ணீர் மிஞ்சினால் பூவை விட்டுவிட்டுத் தழை போகும். காய் பழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். மண் பரிசோதனையில் போரான் குறைவு என்று வந்திருந்தால் அதை அடியுரத்தோடு சரிசெய்துகொள்வது காய் பிடிப்புக்கு நல்லது.

அசுவினி வந்தால் மொட்டுப் பருவத்துக்குள் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்து முடித்துவிடுங்கள். பூத்த வயலில் பகலில் எந்த மருந்தும் கூடாது. நாம் காத்திருப்பதே தேனீக்காகத்தான். காய்ப்புழு தாங்க முடியாமல் போனால், சூரியன் மறைந்து தேனீ திரும்பிய பிறகே தெளிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி அடித்த பயிரின் தட்டையை மாட்டுக்குப் போடாதீர்கள்.

மஞ்சள் நூல்

குதிரை மசால் விதையில் மிகப் பெரிய ஆபத்து அம்மையார் கூந்தல். இலை இல்லாத, மஞ்சள் நூல் போன்ற ஒட்டுண்ணி. மலிவாகக் கிடைக்கிறதே என்று அட்டை இல்லாத விதையை வாங்கி அரை ஏக்கரில் போட்ட விவசாயி ஒருவர், மூன்றாம் மாதம் என்னை அழைத்தார். நான்கைந்து இடங்களில் மஞ்சள் வலை விரித்தது போலிருந்தது. அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். அதில் அதற்குள் விதை பிடித்திருந்தது. மாடு தின்றால் சாணத்தோடு குப்பைக்குப் போய், குப்பையோடு எல்லா வயலுக்கும் போகும். அறுத்துப் போட்டு எரித்து, மீதியை உழச் சொல்ல வேண்டியதாயிற்று. கறவையில் இரண்டு அப்போதுதான் கன்று ஈன்றிருந்தன. அந்த வருடம் முழுக்கத் தீவனத்தை விலைக்கு வாங்கினார். அதன் விதை மண்ணில் பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும் என்பதால், அவருடைய அரை ஏக்கரில் இன்றும் சோளமும் கம்பு நேப்பியர் புல்லும்தான் மாறி மாறி நிற்கின்றன. புல் வகைகளில் அது பற்றிக்கொள்ளாது.

விதைப் பாத்தியில் ஒரு நூல் கண்ணில் பட்டாலும், அது பூக்கும் முன், சுற்றியுள்ள செடிகளோடு சேர்த்து அறுத்து அங்கேயே எரித்துவிடுங்கள். அறுந்து விழுந்த ஒரு துண்டுகூட மீண்டும் பற்றும். விதையிலும் பார்க்க வேண்டும். இதன் விதை உருண்டையாக, சொரசொரப்பாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் பழுப்பாக இருக்கும். குதிரை மசால் விதை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளம், வழவழப்பு. மெல்லிய சல்லடையில் சலித்தால் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். விதைச் சுத்திகரிப்பு நிலையங்களில் வெல்வெட் துணி சுற்றிய உருளைகளில் ஓடவிட்டுப் பிரிப்பார்கள். சொரசொரப்பானது துணியில் ஒட்டிக்கொள்ளும், வழவழப்பானது உருண்டு விழும்.

அறுவடையும் கணக்கும்

மூன்றில் இரண்டு பங்கு காய் பழுப்பானதும் அறுக்கலாம். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியது கொட்டிப்போகும். பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் அறுத்து, தார்ப்பாயில் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவிட்டுக் கம்பால் தட்டுங்கள். காய் சுருண்டிருப்பதால் சுலபமாக உடையாது, மொறுமொறுவென்று காய்ந்த பிறகே தட்ட வேண்டும். முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சிவந்து போன, சுருங்கிய விதைகளைப் பொறுக்கி எறியலாம்.

புது விதையில் ஒரு பங்கு கல் விதையாக இருக்கும். ஈரத் துணியில் நூறு விதை போட்டு ஒரு வாரம் பாருங்கள். ஊறாமல் அப்படியே கிடப்பவை கல் விதை, செத்தவை அல்ல. விதைக்கும் முன் சொரசொரப்பான மணலோடு சேர்த்துக் கையால் தேய்த்தால் தோல் கீறி முளைக்கும்.

நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 80 முதல் 120 கிலோ விதை கிடைக்கும். பத்து சென்டுக்கு 8 முதல் 12 கிலோ. ஒரு ஏக்கருக்குத் தேவையான 8 கிலோ இதில் வந்துவிடுகிறது. இழப்பு, அந்தப் பத்து சென்டில் மூன்று அல்லது நான்கு அறுப்பு, அதாவது 700 கிலோ முதல் ஒரு டன் வரை பசுந்தீவனம். அந்த மாதங்களுக்குச் சோளத்தட்டோ வைக்கோலோ கூடுதலாக இருப்பு வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஒரே ஒரு மாடு வைத்து, இருபது சென்ட் மட்டுமே தீவனம் போடுபவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் சான்று விதையை வாங்குவதே மேல்.

சொந்தத் தேவைக்கும், அக்கம்பக்கத்துக்கு வணிகப் பெயர் அச்சிடாமல் கொடுப்பதற்கும் 2001ஆம் ஆண்டின் தாவர இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. சான்று விதையாக விற்க வேண்டுமானால், விதைச் சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். மற்ற குதிரை மசால் வயல்களிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விதையில் 98 சதவீதம் சுத்தமும், கல் விதையையும் சேர்த்து 80 சதவீத முளைப்பும் இருக்க வேண்டும். வாங்குபவர்களும் நீல அட்டையில் இவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

சொந்த விதையை எத்தனை தலைமுறை தொடரலாம் என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பக்கத்து வயல்களில் வேறு இரகம் இருந்தால் தேனீ அதையும் இதையும் கலந்துவிடும். ஒரு பாத்தியில் எடுத்த விதையைத் தீவன வயலுக்குப் போடுங்கள். அடுத்த விதைப் பாத்திக்கு மறுபடியும் சான்று விதை 200 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். வேளாண்மைக் கல்லூரியோ வேளாண் அறிவியல் நிலையமோ அருகிலிருந்தால், விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேட்டு வைத்தால் கிடைக்கும். ஆடியில் போய் நின்றால் தீர்ந்துவிட்டது என்பார்கள்.